குனிந்து பார்க்கிறவள்

‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. “போய்ப் பாத்தனீங்களோ?” என்று கேட்பாள். கேட்கிற தொனியில் சண்டை இருக்காது. ஆனால் பதில் சொல்கிறவரின் கண்ணை விட்டு அவள் கண் நகராது. போய்ப் பார்க்காதவர்கள் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். நானும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எசன் நகரில் இருக்கிற அவள் அம்மாவின் காதுக்கு எப்படியும் போய்விடும். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே வருத்தங்கள் போதும். கூட வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைக்குப் போயிருக்க, தன் மகள் மட்டும் ஜெர்மனியின் மறுமூலையில், செக் எல்லையை ஒட்டிய மலைக்காட்டில், பூட்ஸ் மாட்டிக்கொண்டு செடி எண்ணுகிறாள் என்பது அவற்றில் முதல் வருத்தம்.

செடி எண்ணுவதுதான் உண்மையிலேயே அவள் வேலை. மலை முழுக்க, இன்ன தூரத்துக்கு ஒன்று என்று, இரும்பு முளைகள் அடித்து வைத்திருப்பார்கள். ஒரு முளையில் கயிற்றைக் கட்டிச் சுற்றிவந்தால் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் நிற்கிற மரம், நின்றபடி செத்த மரம், விழுந்து கிடக்கிற மரம் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அதன்பின் தரையில் தானாக முளைத்திருக்கிற குட்டி மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி, என்ன சாதி, என்ன உயரம் என்று டேப்லெட்டில் பதிய வேண்டும். யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல், காடு தன்னைத் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்கிறதா என்பதற்கு அந்த எண்ணிக்கைதான் சாட்சி.

அந்த டேப்லெட்டில் ஓடிய மென்பொருளை எழுதியவள் நான். எனக்குச் சொந்த ஊர் மதுரை. வால்டோர்ஃபில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறியிருந்தேன். காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடைக்கானல் போன பள்ளிச் சுற்றுலா மட்டும்தான். ஒரு நாள் என் மேலாளர் கூப்பிட்டு, “ஒரு பெண் நம் மென்பொருளைப் பற்றி நான்கு தடவை புகார் எழுதிவிட்டாள். பெயரைப் பார்த்தால் உங்கள் ஊர் போலிருக்கிறது. நேரில் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வா” என்றார்.

மே மாதம். மலை மேல் வாகனம் நிறுத்துகிற இடத்தில் பனிமூட்டமும் சாரலும். ஆரஞ்சு நிற மழைச்சட்டையில் ஒரு பெண் நின்றாள். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். நான் வணக்கம் சொன்னேன்.

“வணக்கம் அக்கா. நீங்களோ அந்தப் பூச்சியம் போட்ட ஆள்?”

எனக்குப் புரியவில்லை. அவள் டேப்லெட்டைத் திறந்து காட்டினாள். குட்டி மரங்களுக்கான பக்கத்தில் எல்லாக் கட்டங்களிலும் முன்கூட்டியே 0 இருந்தது.

“ஓ, அதுவா. அது ஒரு வசதிக்குத்தாங்க. நிறைய இடத்துல ஒண்ணும் இருக்காதில்ல? ஒவ்வொரு தடவையும் ஜீரோ ஜீரோன்னு டைப் பண்ண வேண்டாமேன்னு…”

“நான் இன்னும் குனியவே இல்லை அக்கா. அதுக்குள்ள உங்கட மெஷின் இல்லையெண்டு முடிவெடுத்திட்டுது.”

“சரி, அப்ப எப்படி இருக்கணும்?”

“வெறுமையா இருக்கட்டும். நான் பாத்திட்டு எழுதிறன். பாக்கேல்லையெண்டா வெறுமையாவே கிடக்கட்டும். பாக்காததும் இல்லாததும் ஒண்டோ?”

அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். பட்டியலிலும் எழுதிக்கொண்டேன். அதற்கு முன்னால் அவசரமான வேலைகள் முப்பது இருந்தன. அது அந்தப் பட்டியலின் அடியிலேயே கிடந்தது.

வந்தது வந்துவிட்டீர்கள், ஒரு நாள் கூட வாருங்கள் என்று என்னைக் காட்டுக்குள் அழைத்துப் போனாள். அன்றைக்குத்தான் அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். பழைய படுக்கைப் பாயிலிருந்து வெட்டிய நுரைத் துண்டு ஒன்றைக் கயிறு கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பாள். கயிற்று வட்டம் போட்டதும் அந்தத் துண்டைத் தரையில் போட்டு முழங்காலில் இறங்குவாள். அந்த மலையில் ஒரு புல் உண்டு, நீளமாக, மெத்தை போலப் படிந்திருக்கும். அதைப் பத்து விரலாலும் வகிடு பிரித்து, வகிடு பிரித்து, அங்குலம் அங்குலமாக நகர்வாள்.

“பேன் பாக்குற மாதிரி இருக்கு” என்றேன்.

அவள் தலையைத் தூக்காமல் சிரித்தாள். “ஓம். அம்மாட்டத்தான் பழகினது. ஒரு பேன் அம்பிட்டா அம்மா சந்தோசமா விட்டிடுவா. ஒண்டும் அம்பிடேல்லையெண்டாத்தான் கரைச்சல். இன்னும் ரெண்டு தரம் பாப்பா.”

அவளும் அப்படித்தான். ஏதாவது கிடைத்த வட்டத்தை அரை மணியில் முடித்துவிடுவாள். ஒன்றும் கிடைக்காத வட்டத்தில் மூன்று முறை போவாள், திசை மாற்றி. அதற்கு அப்புறம்தான் பூச்சியம் எழுதுவாள்.

நாங்கள் போன சரிவில் மேல்பாதி, அதாவது மேல்சரிவு, பழைய காடு. ஸ்ப்ரூஸ் மரங்கள். கிறிஸ்துமஸ் மரத்தை ஆறு மாடி உயரத்துக்கு இழுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. சில வருடங்களுக்கு முன் பட்டை வண்டு விழுந்து பெரிய மரங்களில் பெரும்பாலானவை செத்துவிட்டன. பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில், நின்றபடியே நின்றன. சுற்றுலா வருகிறவர்கள் சாலையிலிருந்து பார்த்து ‘செத்த காடு’ என்பார்கள். எனக்கும் முதலில் சுடுகாடு மாதிரிதான் இருந்தது.

உள்ளே போனால் அப்படி இல்லை. எல்லா வயதும் அங்கே ஒன்றாக இருந்தது. எப்போதோ விழுந்து, பாசி பிடித்து, ரொட்டி போல மெத்தென்றாகிவிட்ட ஒரு கட்டையின் முதுகில் விரல் நீளக் குட்டி மரங்கள் வரிசையாக நின்றன. ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் மேல்பலகையைப் பிடித்துக்கொண்டவர்கள் மாதிரி. தரையில் விழுந்த விதையைப் புல் முளைக்க விடாது, முளைத்தாலும் குளிர்காலத்தில் பனியோடு சேர்ந்து படுத்து அமுக்கிவிடும். கட்டையின் மேல் அந்தத் தொந்தரவு கிடையாது. அவள் ஒவ்வொரு கட்டையிலும் பெருவிரலை அழுத்திப் பார்ப்பாள். விரல் உள்ளே போனால் அங்கே இன்னும் நன்றாகத் தேடுவாள்.

முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் நின்றது. “இவவுக்கு எத்தினை வயசு இருக்கும், சொல்லுங்கோ” என்றாள்.

“என் பொண்ணு வயசு. ஆறு.”

அவள் முழங்காலிட்டு அந்தச் செடியின் தண்டில் வருடத்துக்கு ஒன்றாக விழுந்திருந்த தழும்புகளை நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நெடுநேரம் எண்ணினாள். நடுவில் தவறிவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பெரிய மரங்களின் நிழலில், வெளிச்சத்துக்காக ஒவ்வொரு வருடமும் அரை விரற்கடை மட்டும் வளர்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணி முடித்துவிட்டு எழுந்து, “என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. அக்கா!” என்று அந்தச் செடியைப் பார்த்துச் சொன்னாள். நான் எனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து “என்னங்க?” என்றேன். இருவரும் அந்தச் சாரலில் நின்று சிரித்தோம். எங்கள் சிநேகிதம் அங்கேதான் தொடங்கியது.

காட்டுக்கு வெளியிலும் அவள் அதே ஆள்தான். எசனில் அவள் அக்கா மகளின் பிறந்தநாளுக்கு என்னை அழைத்திருந்தாள். போகும் வழியில் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை கேட்டோம். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழாமலே, “முடிஞ்சுது பிள்ளை” என்றார்.

“உள்ளுக்குப் பாத்தனீங்களோ அண்ணை?”

“முடிஞ்சுது எண்டுறன்.”

“ஒருக்கா நான் பாக்கலாமோ?”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவள் உள்ளே போனாள். வாழைக்காய்ப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டி கறிவேப்பிலையோடு வந்தாள். கடைக்காரர் அதில் ஒரு கட்டு அவளுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, “கொம்மாவைக் கேட்டதெண்டு சொல்லு. பாவம் மனிசி” என்றார்.

பிறந்தநாள் வீட்டில் யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. புருஷனை விட்டுவிட்டுப் போய்விட்டாள், யாரோ ஜெர்மன்காரனோடு இருக்கிறாளாம். இவள் தட்டில் வடையோடு நின்று, “நீங்கள் பாத்தனீங்களோ மாமி?” என்றாள். பேச்சு நின்றுபோனது. அப்படி நிற்கிற பேச்சுகளால்தான் அவளை விசேஷங்களுக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டது என்று அவள் அம்மா என்னிடம் சமையலறையில் முறையிட்டார். ஹம்பேர்க்கில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்களாம். நல்ல குடும்பம், படத்தில் நல்ல முகம். இவள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் போய், பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அந்தப் பையனைச் சந்தித்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

“வந்து என்ன சொன்னவள் தெரியுமோ பிள்ளை? நல்ல பெடியன் அம்மா, பிழை சொல்ல ஒண்டுமில்லை, ஆனா சிக்னல் இல்லாமப் போன் எடுக்காத இடத்துக்கு அவன் வரமாட்டானாம், எனக்கு ஏலாது எண்டு. கலியாணத்துக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாவின் கண்ணில் நீர் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் அவள் அம்மாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இவள் ஆறு வாரம் விடுப்பெடுத்து எசனுக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில் அந்தச் சரிவின் வட்டங்களை அளக்கத் தற்காலிகமாக இரண்டு பேரை வைத்தார்கள். ஆறு வாரத்தில் பாதி நாள் மழை. அவர்கள் மரங்களை ஒழுங்காக அளந்தார்கள். ஈரப் புல்லில் முழங்காலிட மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

மறு வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் எனக்கு அவளிடமிருந்து போன்.

“அக்கா, உங்களிட்ட ஒரு கேள்வி. உண்மையாச் சொல்லுங்கோ.”

“சொல்லுங்க.”

“அந்தச் சரிவிலை ஒரு வட்டத்திலயும் குட்டி மரமே இல்லையெண்டு அறிக்கை வந்திருக்கு. முழுக்கப் பூச்சியம். அதை வச்சு, செத்த மரமெல்லாத்தையும் வெட்டி எடுத்திட்டுப் புதுசா நடுறதெண்டு முடிவெடுக்கப்போகினம். ரெண்டு கிழமையிலை அதுக்குக் கூட்டம். அக்கா, இது பாத்த பூச்சியமோ? இல்லாட்டி உங்கட பூச்சியமோ?”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மென்பொருள் எல்லாவற்றையும் குறித்துவைத்திருக்கும், எந்தப் பக்கத்தை யார் எத்தனை நொடி திறந்தார்கள் என்று. ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. முப்பத்தாறு வட்டங்களில் ஒன்றில்கூடக் குட்டி மரப் பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை. திறக்காமலே சேமித்திருக்கிறார்கள். உள்ளே இருந்த பூஜ்யங்கள் அத்தனையும் நான் வைத்தவை.

மேலாளரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார். “எழுத்தில் எதுவும் அனுப்பாதே. சரிபார்க்க வேண்டியது பயன்படுத்துகிறவர் பொறுப்பு, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். உனக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். என் கணவருக்கு அப்போது வேலை போய் மூன்று மாதம். அன்று இரவு வீட்டில் சொன்னேன். கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நீ சொல்லாட்டி அந்தப் பொண்ணுக்குத் தெரியாமலா போயிடும்?” என்று மட்டும் கேட்டார். அவளுக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்குப் பெரிதாகப்படவில்லை. அவள் மறுபடி என்னைப் பார்த்து, போய்ப் பார்த்தீர்களா என்று கேட்பாள், நான் பார்த்தேன், இருந்தும் வாயைத் திறக்கவில்லை என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதை நினைத்தால்தான் முடியவில்லை. மறுநாள் காலையில் வன அலுவலகத்துக்கு எழுதினேன். இந்தப் பூஜ்யங்கள் எண்ணிப் பார்த்தவை இல்லை, எங்கள் மென்பொருள் தானாக இட்டவை. மேலாளருக்கும் நகல் போட்டேன்.

வன அலுவலகத்தின் தலைவி ஓய்வு பெறப் போகிற வயதில் இருந்த ஒரு பெண்மணி. வளைந்து கொடுக்காதவர் என்று பெயர். கூட்டத்தின் தேதி மாறாது, மரம் வெட்டும் இயந்திரங்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அதற்குள் மறுபடி எண்ண முடிந்தால் எண்ணுங்கள் என்று பதில் போட்டார். எண்ண அவள் ஒருத்திதான் இருந்தாள். நான் இரண்டு வாரம் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மலைக்குப் போனேன். மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

எனக்கும் ஒரு நுரைத் துண்டு வெட்டிவைத்திருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் நான். பிறகு மாறுவம்” என்றாள்.

பள்ளங்களில் இன்னும் பனி கிடந்தது. முதல் வட்டம். விரல் விறைக்கிறது. புல்லைப் பிரிக்கிறேன், ஈர மண், ஊசி இலைக் குப்பை, பழைய கூம்புகள். நாற்பது நிமிடம். இடம் மாறிக்கொண்டோம். மறுபடி தேடினோம். ஒன்றுமில்லை. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் நோட்டில் பென்சிலால் பூச்சியம் எழுதினாள். என் பூஜ்யமே ஒருவேளை சரியாக இருந்துவிட்டால்? வேலையை வேறு பணயம் வைத்தாகிவிட்டது.

இரண்டாவது வட்டத்தில் ஒரு பழைய கட்டை குறுக்கே கிடந்தது. அதன் பாசியில் பச்சையாக ஏதோ நட்சத்திரம் போல, சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. இன்னும் குனிந்தேன். எட்டு ஊசி இலைகள், நூல் மாதிரி ஒரு தண்டு.

“இங்க… இங்க ஒண்ணு இருக்கு!” என்று கத்தினேன்.

“அப்பிடியே நில்லுங்கோ. காலை எடுக்காதேங்கோ.” அவள் தவழ்ந்து வந்தாள். என் பூட்ஸுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு. கட்டையின் மறுபக்கம் போகப் போக, பத்து, இருபது. ஒருமுறை பார்க்கத் தெரிந்ததும் கண் தானாக எடுத்துக் கொடுத்தது. கவிழ்ந்த மரத்தின் வேர் மேட்டில் ஒரு கூட்டம். செத்து நின்ற மரத்தின் அடியில், பனி முதலில் உருகுகிற பக்கமாக, கணுக்கால் உயரத்தில் ஒரு குடும்பம். அதற்கு அப்பால் இடுப்பு உயரத்தில் சில. நடுவே, சிவப்புப் பழம் பழுக்கும் ரோவன் மரத்தின் கன்று ஒன்று. மாலையில் நான் எழுந்து நின்றபோது முழங்கால் நிமிரவில்லை. அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, “நாளைக்கு நாலு வட்டம் செய்யலாம். உங்களுக்குக் கண் வந்திட்டுது” என்றாள். எனக்கு அது பட்டம் வாங்கியது போல இருந்தது.

மேல்சரிவில் இருபத்தேழு வட்டங்கள். சிலவற்றில் பூச்சியம், பெரும்பாலானவற்றில் கூட்டம். கடைசி மூன்று நாட்கள் கீழ்ச்சரிவில் இருந்த ஒன்பது வட்டங்களுக்கு மிச்சம்.

கீழ்ச்சரிவுதான் அவளுடைய இடம். அங்கே செத்த ஸ்ப்ரூஸ்களுக்கு நடுவே மூன்று பெரிய ஃபிர் மரங்கள், அதுவும் ஓர் ஊசியிலைச் சாதிதான், உயிரோடு நின்றன. வண்டு ஸ்ப்ரூஸைத்தான் தின்னும், ஃபிரைத் தொடாது. ஊரில் அம்மன் கோயிலில் நிற்கிற வேம்பு போல, மூன்றும் கிளைகளைக் கோத்துக்கொண்டு நின்றன. அவற்றின் அடியில் உட்கார்ந்துதான் எப்போதும் சாப்பிடுவாள். அம்மாவுக்கு இடுப்பு சரியானதும் இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். மனிதர்களை எட்டவிட்டால் இந்த இடம் கெட்டுப்போகும் என்ற பயமும் அவளுக்கு இருந்தது. இந்தச் சரிவை யாரும் தொடக் கூடாது என்று அலுவலகத்தில் அவள் வாதாடாத நாள் இல்லை.

கீழே முதல் வட்டம் பூச்சியம். இரண்டாவது பூச்சியம். எங்கும் மான் புழுக்கை. குளிர்காலத்தில் மான்கள் அங்கேதான் ஒதுங்கும். ஃபிர் குட்டி என்றால் அவற்றுக்குப் பால்கோவா மாதிரி. கட்டைகளும் இல்லை, முன்னொரு காலத்தில் விழுந்ததை எல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டிருந்தார்கள். புல் மட்டும் கனமாகப் படிந்து கிடந்தது. எட்டு வட்டம் முடிந்தது, எட்டிலும் பூச்சியம்.

கடைசி வட்டம், ஃபிர் மரங்களுக்குப் பக்கத்திலேயே. நான்கு தடவை தேடினோம். ஐந்தாவது தடவை நான் கயிற்றின் நுனியைத் தாண்டிக் கையை ஊன்றினேன். கைக்குப் பக்கத்தில் ஒரு ஃபிர் குட்டி. உயிருள்ளது, பச்சை, தலை கடிபடாதது.

“இருக்கு!” என்றேன்.

அவள் வந்தாள். செடியைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். கயிற்றை இழுத்துப் பிடித்து மறுபடி ஒருமுறை சுற்றிவந்தாள்.

“வெளியிலை நிக்குது அக்கா.”

“ஒரு சாண்தானே? கயிறு கொஞ்சம் நீளமா இருந்தா உள்ளதான் வரும். யாருக்குத் தெரியும்? உங்க இடம்ங்க இது. ஒண்ணுன்னு எழுதினா ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டாங்கல்ல?”

அவள் ஃபிர் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள், பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சிறிது நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள், நோட்டை எடுத்தாள், எழுதினாள். பூச்சியம்.

கூட்டத்தில் முதலில் நான்தான் பேச வேண்டியிருந்தது. மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர். என் ஜெர்மனில் வேற்றுமை உருபுகள் எப்போதும் தடுமாறும், அன்றைக்கு வினைச்சொல்லே வரவில்லை. “தவறு எங்களுடையது. அவர்கள் எழுதவில்லை. நான் எழுதினேன்” என்று எப்படியோ சொல்லி உட்கார்ந்தேன். பிறகு அவள் புது எண்ணிக்கையை வாசித்தாள்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “போன வருடம் ஒன்றுமில்லை. இப்போது திடீரென்று மேல்சரிவு நிறைய மரக்குட்டிகள். எண்ணியது, இந்தச் சரிவைத் தொடவே கூடாது என்று இரண்டு வருடமாக என்னோடு சண்டை போடுகிற நீங்கள். நான் ஏன் இதை நம்ப வேண்டும்?”

நியாயமான கேள்விதான். அவள் எண்ணிக்கைத் தாள்களை மேசை மேல் அவர் பக்கம் நகர்த்தினாள். தலைவி தாளைப் புரட்டினார். கீழ்ச்சரிவின் பக்கம் வந்ததும் அவர் விரல் நின்றது.

“நீங்கள் மத்தியானம் சாப்பிடுகிற இடம் இதுதானே?”

“ஆமாம்.”

“ஒன்பது வட்டமும் பூச்சியமா?”

“பூச்சியம்.”

“ஒன்றுகூட இல்லையா?”

“ஒன்று நிற்கிறது. வட்டத்துக்கு வெளியே. ஒரு சாண் தள்ளி.”

தலைவி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “மேல்சரிவை அப்படியே விடுகிறோம். எண்ணிக்கையை நான் ஏற்றுக்கொள்கிறேன்” என்றார். “கீழ்ச்சரிவில் செத்த ஸ்ப்ரூஸ்களை எடுத்துவிட்டு, வேலி போட்டு, நடுகிறோம். ஃபிர் மூன்றும் நிற்கட்டும். வெட்டிய மரங்களில் சில தடிகளைத் தரையிலேயே விடலாம், எவை என்று நீங்களே குறித்துக் கொடுங்கள்.”

வெளியே வந்து காரில் ஏறினோம். நான், “மேல்சரிவு முழுக்கத் தப்பிச்சிருச்சுங்க” என்றேன். “ஓம்” என்றாள்.

என் வேலை போகவில்லை. மேலாளர் ஒரு மாதம் என்னிடம் தேவைக்கு மேல் பேசாமல் இருந்தார். ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: கட்டங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். அதை மாற்ற எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது.

அவள் இப்போது வேறொரு மலையில் இருக்கிறாள். இன்னும் தெற்கே, இன்னும் உயரத்தில். போன் எடுக்காத இடம். நான் எழுதுகிற செய்திக்குப் பத்து நாள் கழித்துப் பதில் வரும். அவளை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த வருடச் செப்டம்பர்தான்.

கீழ்ச்சரிவில் மரம் வெட்ட மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அவள் விடுப்பெடுத்துக்கொண்டு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, தடுப்பு நாடாவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தேன். இயந்திரம் ஒரு சாம்பல் மரத்தை அடியில் பிடித்து அறுத்துச் சாய்த்தது. சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது.

“இதை ஏன் நின்னு பாக்குறீங்க? வீட்டுக்குப் போலாம், வாங்க.”

“நான் எழுதின பூச்சியம் அக்கா” என்றாள். “எழுதிப்போட்டு வீட்டிலை இருக்க ஏலாது.”

வேலை முடிந்ததும் இயந்திரக்காரர் இறங்கி வந்தார். பெருத்த உடம்பு, சிவந்த முகம், ஐம்பது வயது. எந்தத் தடிகளை விட வேண்டும் என்று கேட்டார். அவள் நாடாவைத் தாண்டி உள்ளே போனாள். வெட்டிக் கிடந்த ஒவ்வொரு மரத்தின் மேலும் கை வைத்துப் பார்த்தாள். சரிவுக்குக் குறுக்கே கிடக்கிறதா, தரையோடு ஒட்டிக் கிடக்கிறதா, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று குனிந்து குனிந்து பார்த்தாள். இது, இது, அங்கே அது. அவள் காட்டியதில் நான் மஞ்சள் நாடா கட்டிக்கொண்டே பின்னால் போனேன். இயந்திரக்காரர் அவசரப்படுத்தவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களோடு நடந்தார். ஃபிர் மரங்களுக்குக் கீழே, கடைசித் தடி. அதை அவர் தன் பூட்ஸால் தட்டிப் பார்த்தார். இரும்பு மாதிரி சத்தம்.

“இது மெத்தென்றாகி, இதன் மேல் ஏதாவது முளைக்க எத்தனை காலம் ஆகும்?” என்று அவளிடம் கேட்டார். “நாற்பது வருடம்? ஐம்பது?”

அவள் அவருக்கு ஜெர்மனில் பதில் சொன்னாள். பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னாள்.

“தெரியாது. வந்துதான் பாக்கோணும்.”